இழுக்கும்போது மட்டும்

ஆறே முக்கால் பாசஞ்சர் போனதும் கேட் திறந்தது.

கோவர்த்தனன் முதல் கியரைப் போட்டான். லாரி ஒரு முறை குலுங்கி நகர்ந்தது. அதன் பின்னால் மாட்டியிருந்த இரும்பு ராடு இறுகியது. ராடின் மறுமுனையில் இன்னொரு லாரி. அதன் இன்ஜின் செத்துப் பல மாதம் ஆகிறது. அதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி காஞ்சனா உட்கார்ந்திருந்தாள்.

கேட்கீப்பர் கொடியைச் சுருட்டியபடி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, நெஜமாவே நீயா ஓட்றே?”

“ஓட்றது அவரு. நான் திருப்பறதோட சரி.”

“தைரியந்தான் உனுக்கு.”

“அவருக்குத்தான் தைரியம். எங்கிட்ட முதுக காட்டிக்கினு போறாரு பாரு.”

தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கியது. அவள் விடவில்லை. இன்ஜின் ஓடாத லாரியைத் திருப்ப உடம்பு முழுவதும் வேண்டும். பிரேக்கும் அப்படித்தான், கல்லை மிதிப்பதுபோல. ஆனால் நிறுத்துவது முன்வண்டியின் பொறுப்பு. இவள் அதன் சுவட்டை விட்டு விலகாமல் போனால் போதும். பேசிக்கொள்ளக் கதவில் ஒரு ரப்பர் ஹாரன் இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் நிறுத்து. இரண்டு என்றால் போ.

செத்த லாரி அவள் அண்ணன் துலுக்காணத்தினுடையது. கரும்பு லோடு ஓட்டி ஓட்டி இன்ஜினை இறுகிப்போக வைத்துவிட்டு, அவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். போகும்போது சாவியைத் தங்கையிடம் கொடுத்தான். “பொழைக்க வெச்சா உன்து” என்றான். திருப்பதியில் சிவசங்கரன் என்ற மெக்கானிக் இதற்கு ஒரு பழைய இன்ஜின் பார்த்து வைத்திருந்தார். வண்டி வந்து சேர்ந்தால் மாட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். நாயுடுபேட்டைப் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. லாரி கேட்டு நகரி வரைக்கும் ஆள் அனுப்பினார்கள். ஒரு லாரியில் நூல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வீட்டுக்கு இரண்டு லாரி. காஞ்சனா அதற்கு மேல் கணக்குப் போடவில்லை. அது போதும்.

இன்னொரு பக்கம் குவைத் இருந்தது.

சண்டை முடிந்த பிறகு குவைத்தில் திரும்பவும் ஆள் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு சாய்குமார் போனான். அவன் அம்மா மல்லிகா ஒரு தேங்காயையும் காசையும் அவன் போட்டோவையும் மஞ்சள் துணியில் வைத்து வேண்டுதல் முடிப்புக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டாள். விசா வந்ததும் அதை அவிழ்க்காமல் அப்படியே திருப்பதி மலைக்கு எடுத்துப்போய்ச் செலுத்தினாள். நடுவில் அவிழ்த்தால் வேண்டுதல் கலைந்துபோகும். அதற்கப்புறம் தெருவில் பாதி வீட்டு உத்தரத்தில் தேங்காய் தொங்கியது.

பதினைந்து நாளைக்கு முன்னால் கோவர்த்தனன் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான். திருப்பதி ஏஜென்ட் தானாகவே தேடி வந்து கேட்டானாம். தண்ணீர் லாரி ஓட்டும் வேலை. மூன்று வருஷம். இவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

நேற்று இருவரும் பேசி முடித்தார்கள். அதைச் சொன்னது கோவர்த்தனன்தான்.

“நம்ம வண்டி துலுக்காணம் வண்டிய திருப்பதி வரைக்கும் இழுத்துக்கினு போச்சின்னா இன்ஜின் நல்லாருக்குதுன்னு அர்த்தம். ரெண்டையும் ஓட்டலாம். நான் எங்கியும் போகல. வழியில படுத்துச்சின்னா ரெண்டையும் வந்த விலைக்கு வித்துட்டு ஏஜென்ட்ட போறேன்.”

“கையடி” என்றாள் அவள். அவன் அடித்தான்.

அவளுக்கு அந்த இன்ஜினைப் பற்றிப் பயம் இல்லை. ஒன்பது வருஷமாக அது வீட்டு வாசலில் கிளம்புகிற சத்தத்தைக் கேட்டு வருகிறாள்.

புத்தூரைத் தாண்டியதும் வெயில் ஏறியது. வலதுபக்கம் மலை கூடவே வந்தது. மாந்தோப்புகள் பூத்திருந்தன. செத்த லாரியில் ஒரு வசதி, உள்ளே சத்தமே இல்லை. சக்கரம் உருள்வதும் காற்று அடிப்பதும்தான். கோவர்த்தனன் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்கும். அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது. அது அவளுக்குப் பழக்கம். ஏகாம்பரகுப்பத்தில் அவள் வேலை செய்யும் பவர்லூம் ஷெட்டில் ஆளுக்கு நாலு தறி. கண் ஒன்றைத்தான் பார்க்க முடியும். மற்ற மூன்றையும் காது பார்த்துக்கொள்ளும்.

வடமாலப்பேட்டைக்கு முன்னால் ஒரு ஏற்றம். முன்வண்டி முக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தது.

டொக்.

அவள் நிமிர்ந்தாள்.

டொக். டொக். டொக்.

கனமான சத்தம். உள்ளே யாரோ மரச்சுத்தியால் தட்டுவதுபோல. ஏற்றம் முடிந்து ரோடு சமமானதும் நின்றுவிட்டது. அவள் ஹாரனை ஒரு முறை அமுக்கினாள்.

கோவர்த்தனன் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

“கேட்டுச்சா?” என்றாள்.

“கேக்காம? காலுக்குக் கீழ தட்டுது. பேரிங் போச்சி.”

“அதுக்குள்ளயா?”

“இதுக்கு ஜோசியமா பாக்கணும்? இன்ஜின் தட்டுதுன்னா பேரிங்தான். கழட்டி எறக்கணும்.”

“சும்மா வுட்டு முறுக்கு, பாக்கலாம்.”

அவன் ஏறிப்போய் நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்து முறுக்கினான். இன்ஜின் சீறியது. புகை வந்தது. டொக் வரவில்லை. தணித்தான், மறுபடி முறுக்கினான். வரவில்லை.

“பாத்தியா மாமா, இல்ல.”

“பாரம் ஏறினாத்தான் பேரிங் பேசும். சும்மா நிக்கும்போது சும்மாதான் இருக்கும்.”

அவன் சொன்னது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இழுக்கும்போது மட்டும் வருகிற சத்தம் இழுக்கிற சாமானில் இருந்தும் வரலாம். தறியில் அப்படித்தான். கட்டை தட்டுகிறது என்று எல்லோரும் கட்டையைப் பார்ப்பார்கள். லூசாக இருப்பது அதைப் பிடித்திருக்கிற ஆணியாக இருக்கும். அவள் குனிந்து ராடின் முனையைப் பார்த்தாள். கொக்கியில் செருகியிருந்த இரும்புப் பின் ஆடியது. சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி.

“இதான்” என்றாள்.

“எது?”

“இந்தப் பின்னு. ஏத்தத்துல இழுத்து இழுத்து விடுது. இரும்புல இரும்பு தட்டுது. அது ராடு வழியா வந்து உன் காலுக்குக் கீழ கேக்குது.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். மெக்கானிக் காஞ்சனா.”

“கத்தி குடு.”

கருவிப்பெட்டியில் பழைய டியூப் ஒன்று இருந்தது. அவள் அதை நீளமாக அறுத்து பின்னைச் சுற்றி அடைத்தாள். சுத்தியால் தட்டி இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து ஹாரனை இரண்டு முறை அமுக்கினாள்.

அடுத்த ஏற்றத்தில் சத்தம் வந்தது. முன்னைவிடத் தெளிவாக.

இந்த முறை அவன் தானே நிறுத்தினான். இறங்கி வந்து ராடைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“டியூப் நல்லாருக்குது” என்றான். “பொடவைக்கு பெல்ட்டா எடுத்துக்கோ.”

“சரி, பின்னு இல்ல. ஒண்ணு கழிஞ்சிச்சி.”

“இன்னும் எத்தினி கழிக்கணும்?”

“எது இல்லியோ அதெல்லாம்.”

ஏற்றத்தின் பாதியில், புளியமரத்தடியில், ஒரு டீக்கடை இருந்தது. அங்கே நிறுத்தியிருந்தார்கள். கடைக்காரி சுந்தரம்மா இரண்டு லாரியையும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்காமலே ஸ்ட்ராங்காக இரண்டு டீ போட்டாள். பெஞ்சில் பாலையா என்ற லாரி டிரைவர் இட்லி தின்றுகொண்டிருந்தார். நரைத்த மீசை. அவர் லாரி எதிரே நின்றது. கோவர்த்தனன் ஏற்றத்தில் இழுத்து வந்தபோதே அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டார்.

“தம்முடு, பேரிங் போயிந்தி” என்றார். சட்னியில் இட்லியைப் புரட்டினார். “என் வண்டி இதே மாரிதான் தட்டுச்சி, போன வருசம். ரேணிகுண்டா வரைக்கும் ஓட்டிக்கினு போயிடலாம்னு நெனச்சேன். இன்ஜினுக்குள்ள இருக்கற ராடு வெளிய வந்துடுச்சி. இன்ஜின ஓட்ட போட்டுக்கினு வந்துச்சி. எறக்கணும். வேற தாரி லேது, வழியே இல்ல.”

“அதத்தாண்ணா நானும் சொல்றேன்” என்றான் கோவர்த்தனன்.

“தொறந்து பாத்தீங்களா?” என்றாள் காஞ்சனா.

“எதும்மா?”

“பானெட்ட.”

பாலையா சிரித்தார். “டாக்டர் வயித்தக் கிழிச்சா பாக்கறாரு? கேட்டாலே தெரியும்மா.”

“கேட்டுட்டாலும் கைய வெச்சிப் பாக்கறாரில்ல?”

சுந்தரம்மா கிளாஸைக் கழுவிக்கொண்டே உதட்டைக் கடித்துச் சிரித்தாள். பாலையா கையைக் கழுவப் போனார்.

காஞ்சனா டீயைக் குடித்துக்கொண்டே கணவனைப் பார்த்தாள். அவன் காலை நீட்டிப் பெஞ்சில் சாய்ந்திருந்தான். பாலையா சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது. காலையில் கிளம்பும்போது அந்தத் தெளிவு இல்லை. இன்ஜின் போனவன் முகம் அப்படி இருக்காது. அவளுக்கு டீ கசந்தது. கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். சூடு முகத்தில் அடித்தது. கூடவே ஒரு வாசனை. டீசலும் இல்லை, கிரீசும் இல்லை. செக்கில் எண்ணெய் ஆட்டுகிற வாசனை.

“மாமா, தேங்காயெண்ண வாசன வருது.”

“காலையில தலைக்கு வெச்சேன்.” அவன் பெஞ்சிலிருந்தே சொன்னான்.

“இன்ஜினுக்குமா வெச்சே?”

ஆயில் அளக்கிற கம்பியை உருவினாள். விரலில் தொட்டுத் தேய்த்து வெயிலில் காட்டினாள். கறுப்பு. அவ்வளவுதான். பேரிங் தேய்ந்தால் உலோகத்தூள் ஜிகினா மாதிரி மின்னும், இதைக் கோவர்த்தனனே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அவள் நடந்துபோய் விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“மின்னுதா?”

“இப்பத்தானே தட்ட ஆரம்பிச்சிருக்குது.”

“மின்னுதா, இல்லியா?”

“இல்ல.”

“ரெண்டு கழிஞ்சிச்சி. எழுந்திரு. மேல இன்னும் பாதி ஏத்தம் இருக்குது. மூணாவது கியர்ல போவாதே. ரெண்டாவதுல போ. ஆனா அதே வேகந்தான்.”

“எதுக்கு?”

“தறி ஓட்டம் கூடினா தறியில இருக்கற கோளாறும் வேகமா தட்டும். ரெண்டாவதுல இன்ஜின் வேகமா சுத்தும். உன் பேரிங்கா இருந்தா வேகமா தட்டணும்.”

பாலையா வாயைத் துடைத்தபடி வந்து நின்றார். “அது நியாயந்தான்” என்றார் தெலுங்கில். தன் வண்டியை நோக்கிப் போனவர் நின்று திரும்பினார். “ஆனா பேரிங்தாம்மா” என்றார். ஏறிப் போய்விட்டார்.

அவர்கள் இரண்டாவது கியரில் ஏறினார்கள். முன்வண்டி அலறிக்கொண்டு போனது. காஞ்சனா தலையைக் கதவுக்கு வெளியே நீட்டிக் கேட்டாள். அலறல் மட்டும்தான் இருந்தது. டொக் இல்லை. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. மேலே போகப் போக அவன் பழக்கத்தில் மூன்றாவதுக்கு மாற்றினான். இன்ஜின் தணிந்து முக்கியது. டொக், டொக் என்று உடனே ஆரம்பித்தது.

அவள் ஹாரனை அமுக்கினாள்.

அங்கே கடையும் இல்லை, ஆளும் இல்லை. மலையை ஒட்டி ரோடு வளைந்து போயிற்று. இறங்கும்போதே அவளுக்கு விஷயம் பாதி பிடிபட்டிருந்தது. சுற்றுகிற சாமான் சுற்றுகிற வேகத்துக்குத் தட்டும். இது வேகத்தைக் கேட்கவில்லை, பாரத்தைத்தான் கேட்கிறது. இன்ஜின் முக்கும்போது மட்டும் எதுவோ எதன்மேலோ மோதுகிறது.

“மாமா, இது இன்ஜினுக்குள்ள இல்ல. வெளிய.”

“வெளியன்னா?”

“இன்ஜின் எதையோ போயி இடிக்குது. நீ ஓட்டும்போது நான் பாக்க முடியாது. நிக்க வெச்சே இழுக்கணும்.”

“நிக்க வெச்சி எப்பிடி இழுக்கறது?”

அவள் சுற்றிலும் பார்த்தாள். ரோட்டோரம் போய்க் கல் பொறுக்கினாள். செத்த லாரியின் முன்சக்கரம், பின்சக்கரம் எல்லாவற்றுக்கும் முன்னால் கல் வைத்தாள். காலால் உதைத்து இறுக்கினாள். பிறகு முன்வண்டியின் பானெட்டைத் தூக்கினாள்.

“ஏறி மூணாவது போடு. கிளட்ச்ச பாதி வுடு. பின்வண்டி அசையாது. உன் இன்ஜின் முக்கும். நான் பாக்கறேன்.”

“கிளட்ச் கருகும்டி.”

“கருகட்டும். இன்ஜினே போச்சின்னு வித்துட்டுப் போறவன் கிளட்ச்ச வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறே?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு ஏறினான்.

அவள் முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகினாள். ஃபேன் பக்கம் போகாமல் மட்கார்டின்மேல் ஏறி நின்றாள். “வுடு!” என்றாள்.

கிளட்ச் பிடித்தது. ராடு இறுகியது. லாரி மூக்கைத் தூக்கியது. இன்ஜின் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூங்குகிறவன் புரண்டு படுப்பதுபோல. அவ்வளவு பெரிய இரும்பு சாய்வதை அவள் பார்த்ததே இல்லை.

டொக். டொக். டொக்.

“நிறுத்து! நிறுத்து மாமா!”

இன்ஜின் நின்றது. கிளட்ச் கருகின நாற்றம் வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். இன்ஜின் உட்கார்ந்திருக்கும் பவுண்டேஷன் ரப்பர் வலதுபக்கம் நல்லபடியாக இருந்தது. இடதுபக்கம் கிழிந்து இரண்டாகப் பிளந்திருந்தது.

“ரப்பர்!” என்று கத்தினாள். “இடதுபக்க ரப்பர் போயிருக்குது. அதான் சாயுது. இன்ஜின் இல்ல மாமா! ஒரு ரப்பரு!”

கேபினுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. “ரப்பர் எங்கியாவது டொக்குன்னு கேக்குமா?”

அதுவும் சரிதான். ரப்பர் சாய விடும், தட்டாது. சாய்கிற இன்ஜின் எதைப் போய் இடிக்கிறது? அவள் இன்ஜினின் பின்பக்கம் பார்த்தாள். இன்ஜினுக்கும் கேபின் தகட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு. உள்ளே இருட்டு. அந்தப் பக்கமிருந்துதான் எண்ணெய் வாசனை வந்தது.

“பின்பக்கம் என்னமோ தொங்குது” என்றாள். “உருண்டையா.”

கேபின் கதவு திறந்தது.

“கைய வுடாதே. சூடு.”

“துணி மாரி இருக்குது.”

“நீ எறங்கு, நான் பாக்கறேன்.”

காலையிலிருந்து அவன் பார்க்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்து நின்றான். அவள் முந்தானையை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு இடுக்கில் கையை விட்டாள். தகட்டில் இருந்த ஒரு கொக்கியில் கயிறு மாட்டியிருந்தது. தூக்கிக் கழற்றி வெளியே எடுத்தாள்.

தேங்காய். துணியில் வைத்து முடிந்திருந்தது. துணி எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்து விறைத்திருந்தது. முடிச்சின் மடிப்பில் மட்டும் மஞ்சள் தெரிந்தது. ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கொப்பரை கழன்று உருண்டது. காய்ந்து இறுகிய ஓடு. இன்ஜின் சாயும்போதெல்லாம் அதைத் தகட்டில் வைத்து இடித்திருக்கிறது. தகடு தவில் மாதிரி அதிர்ந்து முழங்கியிருக்கிறது. நூல் மூட்டை ஏற்றிப் போகும்போது இன்ஜின் இவ்வளவு சாய்ந்திருக்காது. இன்றைக்குப் பின்னால் ஒரு முழு லாரி.

அவள் மட்கார்டிலிருந்து இறங்கினாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. அவிழ்க்க வேண்டிய அவசியமும் இல்லை. தகட்டில் உரசி உரசித் துணி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிழிசலில் ஒரு காசின் விளிம்பு தெரிந்தது. அதன்மேல் ஒரு போட்டோவின் பாதி. வெள்ளைப் பின்புலம். ஸ்டுடியோவில் கொடுக்கிற கோட்டு, டை. மேலே கோவர்த்தனனின் முகவாயும் மீசையும்.

அவனை டை கட்டி அவள் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

துணியின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். கறுப்புக்கு அடியில் மெல்லிய நீலக் கோடு. அவள் தறியில் ஓடின துணி. தறியில் ஏற்றிய அந்தப் பாவு நூல் புரட்டாசியோடு முடிந்துவிட்டது. இப்போது மாசி.

“எப்ப கட்டினது?”

அவன் கிட்டே வந்து நின்றான். தேங்காயைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

“தீவாளிக்கு முன்னாடி.”

“ஏஜென்ட் பதினஞ்சு நாளைக்கு முன்னாடிதானே தானா வந்து கேட்டான்?”

ஒரு பஸ் அவர்களைக் கடந்து போனது. ஜன்னலோரம் இருந்த மொட்டைத் தலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பஸ் வளைவில் மறையும்வரை அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வூட்ல கட்டினா நீ பாத்துடுவே” என்றான்.

“அதுக்கு இன்ஜின்லயா கட்டுவாங்க?”

“வேற எங்க கட்டறது? அதுதான் என் இடம்.” துண்டால் முகத்தைத் துடைத்தான். “கட்டினதே மறந்துட்டேன். சத்தம் கேட்டப்பவும் ஞாபகம் வரல. சாமி சத்தியமா பேரிங்குன்னுதான் நெனச்சேன்.”

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் பொய் சொல்லும்போது இவ்வளவு பேச மாட்டான்.

“ஏறு” என்றாள்.

“எங்க?”

“உன் இடத்துக்குத்தான். மூணாவது போடு. கிளட்ச்ச பாதி வுடு.”

“இன்னும் எதுக்கு?”

“ஒண்ணு பாக்கி இருக்குது கழிக்க.”

அவன் ஏறினான். அவள் தேங்காயை இடது கையில் பிடித்துக்கொண்டு திரும்பவும் மட்கார்டின்மேல் நின்றாள். கிளட்ச் பிடித்தது. ராடு இறுகியது. இன்ஜின் சாய்ந்தது, முக்கியது. கற்கள் நறநறத்தன. புகை கறுப்பாக எழுந்து கீழே புளியமரத்துப் பக்கம் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஷெட்டில் கேட்பதுபோல ஒவ்வொன்றாக. ஃபேன். பம்பு. வால்வுகள். எல்லாம் அதனதன் இடத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. நல்ல இன்ஜின். இன்னும் பல வருஷம் ஓடும்.

கையைக் காட்டினாள். அவன் அணைத்தான்.

சத்தம் அடங்கியதும் மாந்தோப்பில் குருவி கத்துவது கேட்டது. அவன் இறங்கி வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கிழிந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தான். கேபின் தகட்டில், ஓடு இடித்த இடத்தில், காசளவு பெயின்ட் உதிர்ந்து பளபளத்தது. அதையும் தடவிப் பார்த்தான்.

“இன்ஜின் நல்லாருக்குது” என்றான்.

“அத உன் வாயால சொல்லணும்னுதான்.”

“சிவசங்கரன்ட்ட ரப்பர் இருக்கும். அரை மணி வேல.”

“இருக்கும்.”

“ரெண்டாவதுலயே போனா அதுவரைக்கும் ஒண்ணும் ஆவாது.”

“ஆவாது.”

அவன் பானெட்டை இறக்கிக் கொண்டி போட்டான். போய்ச் செத்த லாரியின் சக்கரங்களுக்கு முன்னால் இருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டோரம் எறிந்தான். ஒன்றையும் அவசரமாக எறியவில்லை. கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வளைவைத் தாண்டினால் முடிப்புச் செலுத்துகிற மலை தெரியும். அதற்கடியில் திருப்பதி. அங்கே ஒரு ரோட்டில் மெக்கானிக் ஷெட். இன்னொரு ரோட்டில் ஏஜென்ட் ஆபீஸ்.

காஞ்சனா செத்த லாரியின் படியில் ஒரு காலை வைத்தாள். தேங்காயை இடுப்பில் வைத்திருந்தாள், குழந்தையை வைப்பதுபோல. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட, வந்த வேகத்தில் போய்விட்டது. காலையிலிருந்து ஒன்றொன்றாகக் கழித்து வந்திருக்கிறாள். பின் இல்லை, ஆயில் இல்லை, பேரிங் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதைக் கேட்க எந்தப் பயமும் இல்லை.

“மாமா, இங்க பாரு. இன்ஜின் பேச்சு முடிஞ்சிச்சி, இனிமே அது மேல பழி போட முடியாது. இப்ப நீயே சொல்லு. இத அவுக்காம மலைக்கு எடுத்துக்கினு போறமா, இல்ல நான் இங்கியே அவுத்துடவா?”